உங்கள் தங்கை வாங்கிய வெள்ளைப் பன்றி

ஃபுளோரிடாவில் டிசம்பர் மாதத்திலும் அரைக்கால் சட்டையோடு உலவும் பேறு பெற்ற என் மதிப்பிற்குரிய மைத்துனர் ஓர்வோ அவர்களுக்கு, மிச்சிகனின் வடகோடியில், பனிக்கு நடுவே, மூன்று சட்டை போட்டு உட்கார்ந்திருக்கும் ஆர்விட் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் தங்கள் தங்கை லெம்பியும் கர்த்தர் கிருபையால் சுகம். அங்கு தாங்களும் தங்கள் முழங்காலும் தங்கள் ஆரஞ்சு மரங்களும் சுகமா என்று அறிய ஆவல். 'மூன்று சட்டை' என்று மேலே எழுதியது பழக்க தோஷம். அடித்தால் கடிதம் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவிட்டேன். உண்மையில் ஒரே ஒரு சட்டைதான் போட்டிருக்கிறேன், அதிலும் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டிருக்கிறேன். வெளியே மீசை உறைகிற குளிர், உள்ளே நான் விசிறிக்கொள்ளாத குறை. இப்படி ஒரு வீட்டில் நீ குடியிருப்பாய் என்று போன வருஷம் எவனாவது சொல்லியிருந்தால் அவனைப் பனியோடு சேர்த்துத் தள்ளிவிட்டுப் போயிருப்பேன். எல்லாம் தங்கள் தங்கையின் வேலை. நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். படித்து முடித்த பிறகு தாங்கள் எனக்கு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும்.

பழைய வீட்டு மாடிப்படி லெம்பிக்கு ஒத்துவரவில்லை என்பதும், தங்கள் தகப்பனார் அவள் பேரில் எழுதிவைத்த ஏரிக்கரை நிலத்தில் ஒரே தளமாக ஒரு வீடு கட்டத் தீர்மானித்தோம் என்பதும் தாங்கள் அறிந்ததே. வீடு கட்டித்தரும் டேல் என்கிற ஆள் போன வசந்தத்தில் எங்கள் சமையலறை மேஜையில் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு, "சூட்டுக்கு என்ன வைக்கப் போறீங்க?" என்று கேட்டான். நான் சிரித்தேன். சிரித்ததற்குக் காரணம் உண்டு. இந்த மாவட்டத்து ரோடுகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டியே வயிறு வளர்த்தவன் நான். வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்ற பிறகு ஊரில் எனக்கு மிச்சம் இருந்த மரியாதை ஒன்றே ஒன்று, என் விறகு அடுக்கு. மேப்பிள் ஒரு பக்கம், பிர்ச் ஒரு பக்கம், நூல் பிடித்து அடுக்கின மாதிரி நிற்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்கள் காரை மெதுவாக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அந்த அடுக்கு முழுவதையும் நான் ஏற்கெனவே புது மனைக்குக் கொண்டுபோய் அடுக்கியாகிவிட்டது. அஸ்திவாரம் தோண்டுமுன் விறகு அடுக்கினவன் இந்தக் கரையில் நான் ஒருத்தன்தான். அப்படிப்பட்டவனிடம் சூட்டுக்கு என்ன என்று கேட்டால் சிரிக்காமல் என்ன செய்வது? "அடுப்புதான்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். "புரொப்பேன்" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அறையில் லெம்பியைத் தவிர வேறு ஆள் இல்லை.

"யாரு சொன்னது?"

"நான்தான். புது வீட்டுல எனக்கு விறகு வேண்டாங்க. கேஸ் வச்சுக்கலாம்."

மச்சான், கல்யாணமான நாளிலிருந்து என் எதிரே உட்கார்ந்து காப்பி குடிக்கிற பெண்பிள்ளை, ஒரு தடவைகூட 'விறகு வேண்டாம்' என்று சொல்லாதவள், வெளியாள் முன்னால் இப்படிச் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டேல் காதிலிருந்த பென்சிலை எடுத்து அதன் முனையை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். நான் விடவில்லை. எரியெண்ணெய் வைக்கலாமே என்றேன். அவங்க வீட்டு நிலவறையில எண்ணெய் ஒழுகி வருஷக்கணக்கா நாறினது மறந்துபோச்சா என்று பக்கத்து வீட்டைக் கை காட்டினாள். கரண்டு ஹீட்டர் என்றேன். "இங்க கரண்டு எத்தனை நாள் ஒழுங்கா இருக்கு? பில்லைப் பாத்து நீங்கதான முதல்ல மயக்கம் போடுவீங்க" என்றாள். கரண்டு போனால் கேஸ் ஹீட்டரும்தானே நிற்கும் என்று மடக்கினேன். அதற்கு ஒரு சின்ன ஜெனரேட்டர், அதுவும் அதே கேஸில் ஓடுமாம், சமையலும் வெந்நீரும் துணி காய்கிற எந்திரமும் அதிலேயே ஆகுமாம். இவ்வளவையும் எப்போது யோசித்தாள், யாரிடம் கேட்டாள்? கடைசியில் தாழ்ந்து போய்ப் பேசினேன்.

"விறகு தூக்கிக் கை வலிக்குதுன்னா இனிமே நானே தூக்கறேன் லெம்பி."

"கைக்காக இல்லீங்க."

"பின்ன எதுக்கு?"

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "காப்பி ஆறுது, குடிங்க" என்றாள். நிலம் அவளுடையது. நான் காப்பியைக் குடித்தேன்.

செப்டம்பரில் டாங்க் வந்து இறங்கியது. சமையல் சிலிண்டர் மாதிரி ஏதோ வரும், ஒரு ஓரமாக வைப்பார்கள் என்று நினைத்திருந்தேன். லாரியில் கட்டித் தொங்கவிட்டு இறக்குகிறார்கள், ஒரு திமிங்கிலக் குட்டி! வெள்ளை வெளேரென்று, நீளமாக, உருண்டையாக, கட்டை கட்டையான காலோடு, மேலே மூக்கு மாதிரி ஒரு மூடியோடு. இந்தப் பக்கத்தில் அதற்குப் பன்றி என்றே பேர். வீட்டிலிருந்து இத்தனை அடி தள்ளி இருக்கணும், லாரிக்காரன் குழாய் எட்டணும் என்று அளந்து அளந்து, நான் விறகுக் கொட்டகைக்கென்று மனசில் குறித்துவைத்திருந்த இடத்திலேயே வைத்தார்கள். மண்ணுக்குள் புதைத்துவிடலாமா என்று கேட்டேன். டேல் பாறை என்றான். அன்று சாயங்காலமே தாவேத்தி வந்துவிட்டான். தாங்கள் அறிவீர்கள், இதே கரையில் குடியிருப்பவன், என்னோடு ஒன்றாகப் படித்தவன், ஊருக்கெல்லாம் விறகு வெட்டி விற்பவன், வாய் மட்டும் ரம்பத்தைவிடக் கூர். டாங்கைச் சுற்றி ஒரு வட்டம் வந்தான், அதன் வயிற்றில் தட்டினான், தொப்பியைக் கழற்றினான்.

"ஏன்டா ஆர்விட், இது எப்ப குட்டி போடும்?"

"போடா வேலையப் பாத்துக்கிட்டு."

"இல்லடா, போட்டா எனக்கு ஒண்ணு சொல்லிவை. கிறிஸ்துமஸ்சுக்கு ஆகும்."

அதிலிருந்து கோ-ஆப் கடைக்குப் போனால் 'பன்னி சௌக்கியமா', கோயிலுக்குப் போனால் 'பன்னிக்குத் தீனி வந்துதா'. தீனி என்ன, கேஸ் லாரி வரணும் என்றால் பாதையில் பனி இருக்கக் கூடாதாம். ஊருக்கே வழி பண்ணிவிட்டவன் இப்போது ஒரு பன்றிக்குத் தீனி வருவதற்காகப் பனி தள்ளுகிறேன். இதை எழுதும்போதே எனக்கு மூச்சு வாங்குகிறது.

அப்புறம் அந்தக் கார்டு. அக்டோபர் கடைசியில் நாங்கள் குடிவந்து, முதல் பனியும் விழுந்திருந்த சமயம், கேஸ் கம்பெனிக்காரன் முதல் தடவை டாங்கை நிரப்பிவிட்டு ஒரு கார்டு கொடுத்தான். கேஸுக்கென்று வாசனை கிடையாதாம், கசிந்தால் தெரிவதற்காக அழுகின முட்டை நாற்றத்தைக் கலந்து வைக்கிறார்களாம், இந்தக் கார்டில் இந்த இடத்தைச் சுரண்டி மோந்து பார்த்தால் அந்த நாற்றம் மனசில் பதியுமாம். நல்ல ஏற்பாடுதான். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. நன்றாகச் சுரண்டினேன். நன்றாக மோந்தேன். பத்திரமாக இருக்கட்டும் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் என்ன செய்தேன் என்றால், சமையலறைக்குள் போனேன், நாறுகிறது. ஹீட்டர் அறைக்குள் போனேன், அங்கேயும் நாறுகிறது. படுக்கையறை, குளியலறை, துணி அலமாரி, எங்கே போனாலும் கும்மென்று அடிக்கிறது! "லெம்பி! ஓடு! வெளிய ஓடு! விளக்கு சுவிட்சைத் தொடாதே!" என்று கத்தினேன். அவள் தலையில் சுருள் கட்டையோடு, ஒரு கையில் மாவோடு, என் பூட்சை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். நான் பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய்த் தீயணைப்புக்குப் போன் போட்டேன். எங்கள் ஊரில் தீயணைப்பு என்றால் சம்பளமில்லாத ஆட்கள், அதில் முதல் ஆள் யார்? தாவேத்தி. மணியடித்துக்கொண்டு வண்டி வந்தது. தலைக்கவசத்தோடு இறங்கினான், கருவியை எடுத்துக்கொண்டு வீடு பூராவும் சல்லடை போட்டுச் சலித்தான். வெளியே வந்து என் பக்கத்தில் நின்றான். மூக்கைச் சுளித்தான். இரண்டு அடி தள்ளிப் போனான். திரும்பக் கிட்ட வந்தான்.

"ஆர்விட், கொஞ்சம் அந்த மரத்துப் பக்கம் நட."

நடந்தேன்.

"இப்ப வண்டிப் பக்கம் வா."

வந்தேன்.

"வீட்டுல ஒண்ணும் இல்லடா. நீ நடந்தா நாத்தமும் கூடவே நடக்குது. பையில என்னடா வச்சிருக்கே?"

ஊரே சிரித்தது என்று எழுதினால் போதாது. லெம்பி ரோட்டோரப் பனியில் உட்கார்ந்து, மாவுக் கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமினாள். ரொம்ப நேரம் இருமினாள். அப்போது தாவேத்தி சிரிப்பை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். நான்தான் கவனித்தும் கவனிக்காத மாதிரி கார்டைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

இதோடு விட்டாளா உங்கள் தங்கை? ஒரு நாள் கடையிலிருந்து பெரிய பெட்டி வந்தது. கூடத்துச் சுவரில் கண்ணாடி போட்ட கேஸ் கணப்பு ஒன்று வைக்க ஏற்பாடு செய்திருக்கிறாள். "உங்களுக்காகத்தாங்க. நெருப்பைப் பாக்காம உங்களால உக்கார முடியாதே" என்றாள். சரி, ஆசையாகச் சொல்கிறாளே என்று பெட்டியைத் திறந்தால், உள்ளே விறகு! மண்ணால் செய்து, சுட்டு, வர்ணம் அடித்த பொய் விறகு! எதன் மேல் எதை வைக்க வேண்டும் என்று படம் போட்டு ஒரு தாள் வேறு. எனக்கு விறகு அடுக்கச் சொல்லித்தருகிறார்கள், மச்சான்! ஒரு கட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பட்டை ஓக் மரத்துப் பட்டை, கணு பைன் மரத்துக் கணு, வெட்டின முகத்தில் ரேகை எந்த மரத்திலும் இல்லாத ரேகை. மாட்ட வந்த ஆளிடம், "தம்பி, இது என்ன ஜாதி மரம்?" என்று கேட்டேன். "பீங்கான் சார்" என்றான். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இனி எழுதப்போவதுதான் முக்கியம். இதுவரை எழுதினதெல்லாம் வேடிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் நடுவில் புதுமனை புகுவிழா வைத்தோம். லெம்பி ஏலக்காய் ரொட்டி சுட்டிருந்தாள். பாஸ்டரம்மா வந்து ஜெபம் பண்ணுவதாக ஏற்பாடு. முந்தின நாள் பூராவும் ஏரிப்பக்கமிருந்து பனி வந்து கொட்டோ கொட்டென்று கொட்டியிருந்தது. வருகிறவர்கள் கார் நிறுத்த வேண்டாமா? என் பழைய பிக்கப்பில் முன்னால் பனி தள்ளும் கலப்பை மாட்டியிருக்கிறேன் அல்லவா, ஏறி உட்கார்ந்தேன். உள்ளதைச் சொல்கிறேன், அந்தக் கோடையிலிருந்து நான் சந்தோஷமாக இருந்தது அன்று காலையில்தான். என்ன ஒரு தள்ளு! பாதையை மேஜை துடைத்த மாதிரி துடைத்து, பனி பூராவையும் வீட்டுப் பக்கச் சுவரோரமாக மலை மாதிரி குவித்துவிட்டேன். விருந்தாளிகள் வந்தார்கள், 'ஆர்விட் தள்ளினா தள்ளினதுதான்' என்றார்கள், பூட்சைக் கழற்றினார்கள், காப்பி சுற்றிவந்தது. பாஸ்டரம்மா எழுந்து, "ஆண்டவரே, இந்த இல்லத்தில் என்றும் கதகதப்பு நிலைக்கட்டும்" என்றார். ஆமென் சொல்லி முடிக்கவில்லை, ஹீட்டர் 'டக்' என்று நின்றுவிட்டது.

முதலில் யாருக்கும் உறைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவர் சால்வையை இழுத்துப் போர்த்தினார். இன்னொருவர் மெதுவாகப் போய்க் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். பாஸ்டரம்மா காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஜன்னலில் பனிப்பூ பூக்க ஆரம்பித்துவிட்டது. கூடத்துக் கணப்புக்கோ இன்னும் கேஸ் இணைப்பு கொடுக்கவில்லை. லெம்பி ஹீட்டர் அறைக்கும் கூடத்துக்குமாக நடக்கிறாள், கேஸ் கம்பெனிக்குப் போன் போடுகிறாள், ஞாயிற்றுக்கிழமை, எடுப்பார் இல்லை. எனக்கோ, மச்சான், உள்ளுக்குள் கல்யாணக் கொட்டு. கூடத்து நடுவில் போய் நின்றேன். "பாத்தீங்களா? மூணு நாளைக்கு முந்தி வெட்டின பச்சை மரம்கூட இப்படி நடு ஜெபத்துல காலை வாராது! நெருப்புன்னா மனுசன் கையால போடணும். பன்னியை நம்பினா பனியிலதான் நிக்கணும்!" என்று ஆரம்பித்துப் பிரசங்கமே பண்ணிவிட்டேன். பாஸ்டரம்மா பண்ணியதைவிட நீளம். பண்ணிவிட்டு, "இருங்க, ஒரு நொடி" என்று கார்க் கொட்டகைக்குப் போனேன். பழைய வீட்டு இரும்படுப்பை விற்காமல் சாக்குப் போட்டு மூடிவைத்திருந்தேன். அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி, குழாயைக் கக்கத்தில் இடுக்கி, வாசல்படியில் 'டங் டங்' என்று இடித்துக்கொண்டு கொண்டுவந்தேன். சமையலறை ஜன்னல் கண்ணாடியைக் கழற்றிக் குழாயை வெளியே விடுவதாக யோசனை. வாசலில் தாவேத்தி நின்றான், கையை இரண்டு பக்கத்துச் சட்டத்திலும் வைத்துக்கொண்டு. விறகு விற்கிற தாவேத்தி!

"வேண்டாம்டா."

"நகரு. குளுருது எல்லாருக்கும்."

"குளிரட்டும். இதைக் கொளுத்தாதே."

"நீயாடா சொல்றே? நீயா?"

"ஆர்விட், அவளுக்குப் புகை ஆகாதுடா. மூச்சுக்குழாய் சுருங்கிக் கிடக்குன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இன்னொரு குளிர்காலம் விறகு வீட்டுல இருந்தா..."

கூடத்தைப் பார்த்தேன். எல்லாரும் தரையைப் பார்க்கிறார்கள். பாஸ்டரம்மா தரையைப் பார்க்கிறார். டேல் தரையைப் பார்க்கிறான். அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது! அந்தக் கூட்டத்தில் 'அப்படியா' என்று கேட்கிற முகம் ஒன்றே ஒன்றுதான், அது கண்ணாடியில் தெரிந்த என் முகம்.

"லெம்பி, நெசமா?"

"சொன்னேனேங்க."

"எப்ப சொன்னே?"

"ஆஸ்பத்திரியிலேருந்து வரும்போது கார்லயே சொன்னேன். நீங்க 'ம்' னீங்க. எதிர்ல வந்த பனி வண்டியைப் பாத்து, 'இவனுக்கு பிளேடை எந்தக் கோணத்துல புடிக்கணும்னே தெரியல' ன்னீங்க. அப்புறம் நீங்க விறகு பிளக்கறப்ப பக்கத்துல வந்து நின்னு சொன்னேன். 'அந்த ஆப்பை எடு' ன்னீங்க. எடுத்துக் குடுத்தேன்."

"மறுபடி சொல்லியிருக்கலாமே!"

"அந்த அடுக்கு பக்கத்துல நிக்கறப்ப உங்க மொகம் இருக்கே... வந்து நின்னு பாத்துட்டு, சொல்லாமயே உள்ள போயிட்டேன். அதான் கேஸ் வேணும்னு மட்டும் கேட்டேன்."

யோவ் மச்சான், அதுக்கப்புறம் எனக்கு அங்கே நிக்க முடியல. அடுப்பை அப்படியே வாசல்ல விட்டுட்டு வெளியே போனேன். எங்க போறதுன்னு தெரியாம வீட்டைச் சுத்தினேன். பக்கச் சுவரோரம் வந்தா, காலையில நான் குவிச்ச பனிமலை. அப்பத்தான் நெஞ்சுல இன்னொரு இடி. ஹீட்டரு மூச்சு விடற வெள்ளைக் குழாய் அந்தச் சுவத்துலதான் இருக்கு. டேல் படிச்சுப் படிச்சுச் சொன்னான், இதைப் பனி மூடாமப் பாத்துக்கங்கன்னு. அது மூடினா எந்திரம் தானா நின்னுக்குமாம், உள்ள விஷக்காத்து வராம இருக்க. அத்தனை பனியையும் கொண்டாந்து அது வாயில அடைச்சவன் நான்தான்! கலப்பையை எடுக்கத் தோணல. கையால, மண்வெட்டியால, வெறும் சட்டையோட தோண்டினேன். கொஞ்ச நேரத்துல பக்கத்துல இன்னொரு மண்வெட்டி விழற சத்தம். தாவேத்தி. பன்னிங்கற வார்த்தையே அவன் வாயில வரல, அதுதான் எனக்கு ரொம்ப பயமா இருந்தது. குழாய் வெளியே வந்துது. உள்ள 'டக்'குன்னு சத்தம், அப்புறம் 'ம்ம்ம்'னு ஹீட்டர் மூச்சு விட ஆரம்பிச்சுது. ஜனங்க கை தட்டற சத்தம் கேட்டுது. நான் அங்கயே அந்தச் சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டேன்.

ஒவ்வொரு குளிர்காலமும் அவ இருமுவா. பனிக்காலம், எல்லாரும் இருமறாங்கன்னு நினைச்சேன். பாதி ராத்திரி எந்திரிச்சுப் போய் ஜன்னலைத் தொறந்துட்டு நிப்பா. 'கஷ்டப்பட்டு மூட்டின சூட்டை வெளிய விடறியே'ன்னு கத்துவேன். பிப்ரவரி வந்தா உன் வீட்டுக்குப் பறந்துடுவா. என்னை ஒண்டியா விட்டுட்டு அண்ணன்கிட்ட செல்லம் கொஞ்சப் போறா, ஆரஞ்சுப் பழம் சாப்பிடப் போறான்னு மனசுக்குள்ள உன்னை எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா? அவ மூச்சு விடத்தான் வந்திருக்கா, மச்சான். உன் வீட்டுத் தாழ்வாரத்துல உக்காந்து சும்மா மூச்சு விட.

அன்னிக்கு எல்லாரும் போனப்புறம் கேட்டேன், உங்க அண்ணனுக்குத் தெரியுமான்னு. "அவனுக்குத்தான் மொதல்ல தெரியும். டாக்டரைப் போய்ப் பாருன்னு வெரட்டினதே அவன்தான்" ன்னா. இதான் மச்சான் நான் கேக்க வந்த கேள்வி. மாசம் ஒருதரம் போன்ல பேசறே. மீன் கிடைச்சுதான்னு கேக்கறே, பனி எவ்வளவுன்னு கேக்கறே. 'டேய் மடையா, உன் அடுப்பு என் தங்கச்சியைக் கொல்லுது'ன்னு ஒரு வார்த்தை ஏன்யா சொல்லல? அவ சொல்ல வேண்டாம்னாளா? சொல்லாதேன்னு சொன்னா நீயும் கேட்டுக்கறதா? உனக்கு எதுக்கு அத்தனை பெரிய மீசை?

சரி. கோபத்தில் தங்களை ஒருமையில் எழுதிவிட்டேன். மன்னிக்கவும். நிதானத்துக்கு வந்துவிட்டேன்.

அதன் பிறகு நான் செய்ததையும் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏரிக்கரையில் நம் பழைய சவுனாக் குடில் தனியாக நிற்கிறது, விறகுக் கணப்பில் கல்லைப் பழுக்கவைத்துத் தண்ணீர் ஊற்றி ஆவியில் குளிக்கிற நம் ஃபின்லாந்து வழக்கப்படி. லெம்பி சில வருஷமாகச் சனிக்கிழமை சவுனாவுக்கு என்னோடு வருவதில்லை. 'ஒத்துக்கல' என்று ஒரே வார்த்தைதான் சொல்வாள். நான் ஒண்டியாகவே போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். இப்போது எல்லாம் விளங்கிவிட்டது அல்லவா! புகை! யாரிடமும் கேட்கவில்லை. நானே கேஸ் கம்பெனிக்குப் போனேன், "சவுனாவுக்கும் குழாய் இழுத்துக் கேஸ் கணப்பு வை" என்றேன். அந்த ஆள் என்னைப் பார்த்து, "நீங்க ஃபின்னிஷ்காரர்தானே?" என்று கேட்டான். என் அம்மா என்னைப் பெற்றதே சவுனாவில்தான் என்றேன். இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் எழுதிக்கொண்டான். அதோடு என் விறகு அடுக்கு முழுவதையும் தாவேத்திக்கு விற்றேன். அவன் மூன்று நடையாக ஏற்றிக்கொண்டு போனான். கடைசி நடையில் பன்றியையும் பார்த்தான், சவுனாவுக்கு ஓடுகிற குழாயையும் பார்த்தான்.

"வீட்டைப் பன்னிக்குக் குடுத்தே, சரி. சவுனாவையுமாடா?"

"ஆமா. இப்ப என்ன?"

"ஒண்ணுமில்ல. நம்ம ஆளுங்க கல்லறையில திரும்பிப் படுக்கற சத்தம் கேக்குது, அவ்வளவுதான்."

கோ-ஆப் கடையில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கிறது. பெரியவர்கள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார்கள். எனக்குக் கவலையில்லை, மச்சான். போன சனிக்கிழமை ஒரு பொத்தானை அமுக்கினேன், கல் பழுத்தது, லெம்பி வந்தாள். எத்தனை வருஷம் கழித்து! துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு என் பக்கத்தில் மேல் பலகையில் உட்கார்ந்தாள். இருமவில்லை. ஒரு தடவைகூட இருமவில்லை. எனக்கு இருந்த சந்தோஷத்தில் அந்தப் பெரிய புயல் வருஷத்தில் மலைப்பாதையைத் திறந்த கதையை முதலிலிருந்து கடைசிவரை ஒரு மூச்சில் சொல்லி முடித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். பெண்சாதியின் மூச்சுச் சத்தம் இவ்வளவு இனிமையாக இருக்கும் என்று இந்த வயசில்தான் தெரிந்துகொண்டேன்.

ஆகவே, புது வீடு கட்டுகிறவர் யாராவது தங்களிடம் யோசனை கேட்டால், என் பேரைச் சொல்லி வீட்டுக்கும் சவுனாவுக்கும் சேர்த்தே கேஸ் வைத்துக்கொள்ளச் சொல்லவும், சுவரோரக் குழாயில் பனி ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லவும். இந்த பிப்ரவரியில் லெம்பி அங்கு வரமாட்டாள் என்று நினைக்கிறேன். தாங்கள்தான் கோட்டைத் தேடி எடுத்துக்கொண்டு இங்கு வர வேண்டும். தங்கள் முழங்கால் குணமாகவும், ஆரஞ்சு மரத்தில் பனி விழாமலும், வரும் கிறிஸ்துமஸ் தங்கள் இல்லத்தில் மகிழ்ச்சியாக நடக்கவும் ஆண்டவரை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்பு மைத்துனன்,
ஆர்விட்

பின்குறிப்பு: உறையில் போடுமுன் லெம்பி வாங்கிப் படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "எல்லாம் சரிதாங்க, சவுனா சமாச்சாரம் மட்டும் தப்பு" என்றாள். என்ன தப்பு என்றேன். "அதுக்குத்தான் உசரமா புகைபோக்கி இருக்கே, வீட்டு அடுப்பு மாதிரி இல்ல, உள்ள புகையே வராதே. டாக்டர்கிட்டயும் கேட்டேன், தாராளமாப் போலாம்னுட்டாரு" என்றாள். பின்னே ஏன் இத்தனை வருஷம் வரவில்லை என்று கேட்டேன். "அங்க உக்காந்தா நீங்க வாயே மூட மாட்டீங்களேங்க. எந்த ரோடு, எவ்வளவு பனி, எந்த பிளேடு... அந்தச் சூட்டுல எந்திரிச்சு ஓடவும் முடியாது. விறகா இருந்தப்பவாவது நடுநடுவுல கட்டை போட வெளிய போவீங்க, அஞ்சு நிமிஷம் காதுக்கு ஓய்வு. இப்ப பொத்தானை அமுக்கிட்டு ஒரேயடியா உக்காந்துட்டீங்க!" என்றாள். மச்சான், நான் இப்போது தாவேத்தி வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கிறேன், என் விறகை என்னிடமே விற்பானா என்று கேட்க. அவன் சிரிக்கிற சத்தம் ஃபுளோரிடாவரை கேட்டால் இடி என்று பயந்துவிடாதீர்கள்.